துட்டி வீட்டில் அழவிடுங்கள்

"அழாத மக்களே, அப்பா ஆண்டவர்கிட்ட போயாச்சு." நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கிறிஸ்தவர்களின் துட்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில், இதைக் கேட்காமல் திரும்ப முடியாது. அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் மனநல ஆலோசகரான என்னிடம் வருகிறவர்களில் பலர், அதைக் கேட்டபின் அழவே பயந்திருக்கிறார்கள். அழுதால் விசுவாசம் இல்லை என்றாகிவிடுமாம்.

வேதம் அப்படிச் சொல்லவில்லை. இறந்த லாசருவை உயிரோடு எழுப்பப் போகிற இயேசுவே கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). அப்போஸ்தலர் பவுலும் துக்கமே கூடாது என்று எழுதவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் எழுதினார். மறுபடி பார்ப்போம் என்ற நம்பிக்கை பெரிய ஆறுதல்தான். அதற்காக இன்றைக்கு அம்மா வீட்டில் இல்லாதது வலிக்காமல் போகுமா?

ஒருவர் வந்தார், நாற்பதைத் தாண்டியவர். இரவு ஜெபத்தில் எப்போதும் பாட்டைத் தொடங்குவது அவருடைய அம்மா. அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு பாய் விரித்து உட்காருவார்கள், யார் தொடங்குவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் ஜெபமே நின்றுவிட்டது. "கடவுள்மேல கோபமா வருது, வாயே திறக்க முடியல" என்றார். 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்ற முதல் வரியிலேயே உடைந்து வெகுநேரம் அழுதார். கோபத்தையும் ஆண்டவரிடம் சொல்லலாம் என்று அதுவரை அவருக்கு யாரும் சொன்னதில்லை. அப்புறம் வீட்டில் பாட்டில்லாமல் அந்தச் சங்கீதத்தை மட்டும் வாசித்து ஜெபிக்கத் தொடங்கினார்கள்.

அடக்கம் நடந்த வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். மூன்றாம் மாதம்தான் வெறுமை. அன்பியத்தாரும் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் ஜெபக் குழு) சபையாரும் அப்போது ஒருமுறை போங்கள். போய் இறந்தவரைப் பற்றியே பேசுங்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் பிள்ளைகளையும் கூட்டிப்போய் மெழுகுதிரி ஏற்றுவது நல்ல வழக்கம். அங்கே அழுதால் யாரும் தடுப்பதில்லை.

ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் துளியும் தணியாமல், வேலை, வீடு எதையும் கவனிக்க முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமே நீடித்த துக்கத்தைச் சிகிச்சை தேவைப்படும் நிலையாக வகைப்படுத்தியிருக்கிறது. மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு அல்ல. "நானும் அம்மாகிட்டயே போயிடுறேன்" என்று யாராவது சொன்னால், துக்கத்தில் பேசுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். அவரைத் தனியாக விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416; இரவிலும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.