தண்ணீர் போய்ச் சேராத கிடங்கு

2019 பிப்ரவரி 5 அன்று, இங்கிலாந்தின் ஆண்டோவர் நகரில் ஒகாடோ என்ற இணைய மளிகை நிறுவனத்தின் கிடங்கு தீப்பிடித்தது. ஆயிரம் ரோபோக்களுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த இடம். ரோபோக்களுக்கு சார்ஜ் ஏறும் இடத்தில் ஒரு மின்கோளாறு; ஒரு ரோபோவின் பிளாஸ்டிக் மூடி பற்றிக்கொண்டது. தொடக்கம் அவ்வளவுதான். இருநூறு தீயணைப்பு வீரர்களுக்கு மேல் வந்தும் நாள்கணக்கில் எரிந்தது. குளிரூட்டலுக்கு வைத்திருந்த அம்மோனியா வெடித்துவிடுமோ என்று அக்கம்பக்கத்துக்காரர்களையும் வெளியேற்றினார்கள். கட்டடம் முழுசாகப் போயிற்று.

ஊழியர்கள் தீயணைப்புத் துறையைக் கூப்பிடவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது என்று பிறகு வந்த விசாரணை அறிக்கை சொன்னது. தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் கொட்டும் ஸ்பிரிங்க்ளர்களைக் கையால் நிறுத்தியிருந்ததையும் குறிப்பிட்டது. தவறு மனிதர்களுடையது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் இந்த வகைக் கிடங்குகள் அமைந்திருக்கும் விதமே தீக்குச் சாதகமானது.

அங்கே பொருள்கள் பிளாஸ்டிக் பெட்டிகளில் இருக்கும். பெட்டிகளைப் பதினைந்து, இருபது என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்குகளை ஆள் நடக்க வழியே விடாமல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருப்பார்கள். மேலே கட்டம் கட்டமாகத் தண்டவாளம். அதில் ரோபோக்கள் ஓடி, வேண்டிய பெட்டியைக் கீழிருந்து தூக்கும். ஒரு சதுர அடிகூட வீணாகாது. லாபமே அதில்தான்.

அடுக்குகளுக்கு நடுவே சில சென்டிமீட்டர் சந்து மட்டும் இருக்கும். செங்கல் சூளை போடுகிறவர்களுக்கு இந்தச் சந்தின் அருமை தெரியும். நெருப்பு உள்ளே ஊடுருவி மேலேறட்டும் என்றுதான் கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு அடுக்குகிறார்கள். கிடங்கிலும் அதுதான் நடக்கிறது, யாரும் கேட்காமலே. சூடான காற்று சந்து வழியாக மேலே பாய்கிறது, கீழிருந்து புதுக்காற்றை இழுக்கிறது. இரண்டு பக்கச் சுவர்களும் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு எரிவது பாலிபுரோப்பிலீன் போன்ற பிளாஸ்டிக். எடைக்கு எடை பார்த்தால் மரத்தைவிட இரண்டரை மடங்கு வெப்பம் தரும். உருகிச் சொட்டி, எரிந்துகொண்டே தரையில் ஓடவும் செய்யும்.

இதை எதிர்க்கக் கூரையில் இருப்பது ஸ்பிரிங்க்ளர். சினிமாவில் ஒருவர் லைட்டரைக் காட்டியதும் கட்டடம் முழுக்க மழை பெய்யுமே, அது சுத்தப் பொய். ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளரின் வாயையும் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்குள் சிவப்புத் திரவம் இருந்தால் 68 டிகிரியில் உடையும்; பச்சை என்றால் 93 டிகிரி. சூடு ஏறத் திரவம் விரிகிறது, கண்ணாடி வெடிக்கிறது, அந்த ஒரு வாய் மட்டும் திறக்கிறது. குமிழ் மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் சூடாகும் என்பதால், வேகமாக வேலை செய்ய வேண்டியவற்றில் 3 மில்லிமீட்டர் குமிழ். சாதாரண வகையில் 5.

உயரமான கிடங்கில் இது மட்டும் போதாது. தீயிலிருந்து கிளம்பும் காற்று அத்தனை வேகமாக மேலேறுவதால், சிறு துளிகளைக் கீழே இறங்கவிடாமல் பக்கத்தில் தள்ளிவிடும், இல்லையென்றால் வழியிலேயே ஆவியாக்கிவிடும். அதனால் 1980களில் அமெரிக்காவின் ஃபேக்டரி மியூச்சுவல் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வில் ஒரு புதுவகை உருவானது. பெயர் ஈ.எஸ்.எஃப்.ஆர். கனமான பெரிய துளிகளை, தீ சிறிதாக இருக்கும்போதே, அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கும் வேகத்தில் கொட்டுவது இதன் வேலை. ஒரு வாயிலிருந்து நிமிடத்துக்கு 375 லிட்டர் அளவுக்கு விழும். பன்னிரண்டு வாய்கள் ஒரே நேரத்தில் திறக்கலாம் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். அதாவது நிமிடத்துக்கு 4,500 லிட்டர். கட்டடத்துக்கு வெளியே அவ்வளவு பெரிய தொட்டியும் பம்பும் எதற்கு என்பது இப்போது புரியும்.

அப்படிக் கொட்டியும் சிக்கல் தீரவில்லை. பெட்டிகளுக்கு மூடி கிடையாது. மேலிருந்து விழும் தண்ணீரை முதலில் மேல்பெட்டிகள் பிடித்துக்கொள்கின்றன. அவை நிரம்பி வழிவதற்குள் கீழே தீ தன் வேலையைப் பார்த்துவிடும். அமெரிக்க விதிநூலான என்.எஃப்.பி.ஏ. 13 மேல்திறந்த பெட்டிகளைத் தனிச் சிக்கலாகவே வைத்துப் பேசுகிறது. கிரேன் ஓடும் உயர்ந்த இரும்பு அலமாரிகளில் நடுநடுவே குழாய் இழுத்து அங்கேயும் ஸ்பிரிங்க்ளர் வைக்கலாம். ஆனால் பெட்டியின் மேல் நேராகப் பெட்டி உட்காரும் அடுக்கில் குழாய்க்கு இடம் எங்கே?

புகையைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. கூரையடியில் ஏற்கெனவே வெந்த காற்று தேங்கியிருக்கும். சிறு தீயின் புகை பாதி உயரத்திலேயே ஆறி, மேலேற முடியாமல் பரவி நின்றுவிடும். கூரையில் இருக்கும் கருவிக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே துளையிட்ட குழாய்களைப் பல மட்டங்களில் ஓட்டி, காற்றை உறிஞ்சி, லேசர் ஒளியில் சோதிக்கும் முறை வந்தது. 1970களில் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காட்டுத்தீப் புகையை அளக்க வைத்திருந்த கருவியிலிருந்து பிறந்தது இது.

அப்புறம் ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது: தீயே பிடிக்காத காற்று. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். நைட்ரஜனைச் சேர்த்து அதைச் சுமார் 15க்கு இறக்கினால் காகிதம், மரம், பல பிளாஸ்டிக்குகள் பற்றத் திணறும். இங்கிலாந்தின் பாஸ்டன் ஸ்பாவில் பிரிட்டிஷ் நூலகம் பழைய செய்தித்தாள்களை இப்படித்தான் காக்கிறது. 2015இல் திறந்த அந்தக் கட்டடத்தில் இருட்டில் ரோபோ கிரேன்கள் தாள்கட்டுகளை எடுத்துத் தருகின்றன. ஆக்சிஜன் 14-15 சதவீதம்தான்.

மனிதனுக்கு அந்தக் காற்று சுமார் 2,700 மீட்டர் உயர மலையில் சுவாசிப்பது மாதிரி. அந்த மலையில் அடுப்பு பற்றுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மலையில் காற்று முழுவதுமே மெலிந்திருக்கிறது. அதில் ஆக்சிஜனின் பங்கு அதே 20.9தான். கிடங்கிலோ ஒவ்வொரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் கூடுதல் நைட்ரஜன் சுற்றி நிற்கிறது. எரிவதில் பங்கெடுக்காமல் வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். சுடர் தன்னைத் தாங்கிக்கொள்ளும் சூட்டை எட்டாது. நமது நுரையீரலுக்கு முக்கியம் ஆக்சிஜனின் அழுத்தம். சுடருக்கு அதன் பங்கு. இந்த வித்தியாசத்தில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது.

ஆனால் கட்டடம் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும், கரண்டுச் செலவும் ஓயாது. ரோபோவின் லித்தியம் பேட்டரி உள்ளே கட்டுமீறிச் சூடேறினால் இந்தக் காற்று அதை நிறுத்தவும் செய்யாது. அந்தச் சூட்டை உண்டாக்கும் வேதிவினைக்கு வெளிக்காற்றே தேவையில்லை. சில வகைகளில் பேட்டரியின் நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை விடுகிறது. அதைக் குளிரவைக்க ஏராளமாகத் தண்ணீர் வேண்டும். சார்ஜ் ஏற்றும் இடத்தைப் பெட்டிகளிலிருந்து தள்ளி வைக்கச் சொல்வது இதனால்தான்.

எல்லாம் சரியாக நடந்தாலும் ஸ்பிரிங்க்ளர் பெரும்பாலும் தீயை அடக்கித்தான் வைக்கும். அடுக்கின் நடுவே புகைந்துகொண்டிருக்கும் பெட்டியை யாராவது வெளியே எடுத்து அணைக்க வேண்டும். அதை எடுக்க வேண்டிய ரோபோ மின்சாரம் துண்டித்து நிற்கிறது. தீயணைப்பு வீரர் நுழைய நடைபாதை இல்லை. கிடங்கைத் தீத்தடுப்புச் சுவரால் பகுதி பகுதியாகப் பிரித்தால் சேதம் ஒரு பகுதியோடு நிற்கும். சுவர் எழுப்பினால் ரோபோக்களின் பாதை அடைபடும், இடமும் போகும். அதனால் கிடங்குக்காரர்கள் தாமாக அதைக் கட்ட முன்வருவதில்லை. காப்பீட்டுக்காரர் கேட்கும்போது பேரம் தொடங்குகிறது.