36 எழுத்துக் கொசுவும் 45 எழுத்துக் கொசுவும்

பண்ருட்டிப் பக்கம் சித்தப்பாவுக்கு இரண்டரை ஏக்கர் முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பழைய மரங்கள் மொத்தமும் சாய்ந்துவிட்டன. இப்போது நிற்பவை அதற்குப் பிறகு வைத்த ஒட்டுக்கன்றுகள். போன தை மாதம் ஒருநாள் விடிகாலையில் போன் செய்தார்.

"ஏம்ப்பா, உன் ஆப்புல கொசுன்னு போட்டா ஒண்ணுமே இல்லங்குது. அதப் பத்தி எழுதி வச்சிருக்கேன்னு நீதான சொன்ன?"

அவர் கேட்டது தேயிலைக் கொசுவை. பெயர்தான் கொசு, ஆள் நாவாய்ப்பூச்சி வகை. முந்திரியின் இளந்தளிரிலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சிக் கருக வைத்துவிடும். நானும் நண்பர்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்த்த 340 கட்டுரைகளில் 118ஆம் எண் அதைப் பற்றியதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் கணினியைத் திறந்து தேடினேன், வந்தது. சித்தப்பா தேடினால் வரவில்லை. கட்டுரைகளை வைத்திருந்து கேட்பவர்க்கு அனுப்பும் கணினி, அதாவது சர்வர், இருவருக்கும் ஒன்றுதான். சொல்லும் ஒன்றுதான்.

எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது. அதைச் சொல்வதற்கு முன் போனிலிருந்து கிளம்பும் ஒரு கேள்வி எப்படிக் கட்டுரையாகத் திரும்பி வருகிறது என்று பார்த்துவிடலாம்.

கட்டுரைகளைக் குவித்து வைத்தால் மட்டும் அறிவுத்தளம் ஆகிவிடாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், தலைப்பு, எந்தப் பயிர், எப்போது திருத்தியது என்ற விவரங்கள் தனித்தனிக் கட்டத்தில் இருக்க வேண்டும். அதை மனிதர் பார்ப்பதற்கு இணையப் பக்கம் இருக்கிறது. நிரல்கள் பார்ப்பதற்கு இருப்பது ஏபிஐ. பக்கத்தில் இருக்கும் படம், பட்டை, பொத்தான் எதுவும் ஏபிஐ-யில் கிடையாது. கேட்ட விவரம் மட்டும் வரும்.

ஏபிஐ-யை ஹோட்டல் சர்வரோடு ஒப்பிடுவது வழக்கம். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. நீங்கள் கேட்டது இல்லையென்றால் "பொங்கல் முடிஞ்சிடுச்சு சார், ரவா தோசை போடட்டுமா?" என்று அவர் கேட்பார். ஏபிஐ அப்படியெல்லாம் கேட்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டிருக்கிறீர்களா? அது இதற்குப் பொருந்தும். எந்தக் கிராமம், எந்த சர்வே எண், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்று எழுதிக் கொடுத்தால், பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே என்ன இருக்கிறதோ அது வரும். உட்பிரிவு எண்ணைத் தப்பாகப் போட்டால் "வில்லங்கம் ஏதுமில்லை" என்று சான்று வரும். தப்பாகக் கேட்டீர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்ட எண்ணுக்கு அது சரியான பதில்தானே.

ஏபிஐ-யில் அந்த மனுவின் பெயர் யூஆர்எல். எங்கள் தளத்தில் அது இப்படி இருக்கும்:

/கட்டுரைகள்?பயிர்=முந்திரி&தேடு=கொசு&எத்தனை=20

கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது எந்தப் பதிவேடு என்பது. பின்னால் இருப்பவை நிபந்தனைகள். இதோடு "கெட்" என்ற ஒரு வினைச்சொல்லும் போகும். எடுத்துக் கொடு, எதையும் மாற்றாதே என்று அதற்கு அர்த்தம். பொருளுக்கு ஒரு முகவரி, செய்ய வேண்டியதற்குப் பொதுவான சில வினைச்சொற்கள் என்ற இந்த ஒழுங்கு 'ரெஸ்ட்' என்ற பாணியிலிருந்து வந்தது. ராய் ஃபீல்டிங் 2000இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் வைத்த பெயர் அது. பூட்டிய தளமாக இருந்தால் கூடவே ஒரு சாவியும் அனுப்ப வேண்டும், நீளமான கடவுச்சொல் மாதிரி. தமிழ் விக்கிப்பீடியாவின் ஏபிஐ-யில் படிப்பதற்கு அதுகூட வேண்டாம்.

திரும்பி வரும் பதில் பெரும்பாலும் ஜேசன் வடிவில் இருக்கும். எங்கள் 118ஆம் கட்டுரை இது:

{ "எண்": 118,
"தலைப்பு": "முந்திரியில் தேயிலைக் கொசு",
"பயிர்": "முந்திரி",
"திருத்திய நாள்": "2024-11-09",
"கட்டுரை": "இளந்தளிர் வரும் பருவத்தில்..." }

இடப்பக்கம் கட்டத்தின் பெயர், வலப்பக்கம் அதில் இருப்பது, அவ்வளவுதான். ஜேசனில் கட்டப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கத் தடையில்லை. நண்பர்கள் வேண்டாம் என்றார்கள், நான்தான் பிடிவாதமாக வைத்தேன்.

பதிலின் தலையில் ஒரு மூன்றிலக்க எண்ணும் இருக்கும். 200 என்றால் சரி, 404 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை, 401 என்றால் சாவி சரியில்லை, 500 என்றால் கோளாறு சர்வர் பக்கம். வந்த கேள்விகளையும் போன பதில்களையும் சர்வர் வரிக்கு வரி குறித்து வைக்கும் பதிவேட்டில், சித்தப்பாவின் தேடலுக்குப் போன எண்ணைப் பார்த்தேன். 200. கூடவே ஒரு வெற்றுப் பட்டியல். அதாவது "வில்லங்கம் ஏதுமில்லை". சர்வரைப் பொறுத்தவரை எந்தத் தப்பும் நடக்கவில்லை. இந்த மாதிரிப் பிழைதான் என்னைப் போன்றவர்களுக்குத் தலைவலி. 500 வந்திருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும்.

அன்று மாலை வரை குறியீட்டு வரிகளை மேலும் கீழுமாகப் படித்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது: சர்வர் பதிவேட்டில் சித்தப்பாவின் வரியை விட என்னுடைய வரி கொஞ்சம் நீளம். எண்ணிப் பார்த்தேன். அவருடைய கொசுவுக்கு 36 எழுத்து. என்னுடைய கொசுவுக்கு 45.

யூஆர்எல்லில் தமிழ் எழுத்து நேராகப் போக முடியாது. உலாவி நமக்குத் தமிழாகக் காட்டும். உள்ளே போவது வேறு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுக்கும் பொதுப் பட்டியல் யூனிகோட். அது 'க'வுக்குக் கொடுத்திருக்கும் எண் 2965. ஒரு பைட்டில் 255 வரைதான் கொள்ளும் என்பதால் அதை 224, 174, 149 என மூன்று பைட்டாகப் பிரிக்கிறார்கள். இப்படிப் பிரிக்கும் முறைதான் யூடிஎஃப்-8. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் கிறுக்கி உருவாக்கியது. பிறகு ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக்குறி, அடுத்து பதினாறடிமான எண் (0 முதல் 9, அதற்கு மேல் A முதல் F) இரண்டு இலக்கம் என்று மூன்று எழுத்தாக மாறும். ஆக ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது எழுத்து. 'கொசு'வில் க, ொ, ச, ு என்று நான்கு குறிகள். 36 சரி.

அப்படியானால் என் கொசுவில் ஒரு குறி கூடுதல். எங்கிருந்து?

'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'ொ' என்ற ஒரே குறியைப் போடலாம். அல்லது ஒற்றைக்கொம்பு 'ெ', துணைக்கால் 'ா' என்று இரண்டாகப் போடலாம். திரையில் இரண்டும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் ஒன்றுபோலவே தெரியும். 'கோ', 'கௌ' வரிசைகளுக்கும் இதே கதை. நம் கண்ணுக்கு ஒரே சொல், பைட்டுகளை ஒப்பிடும் இயந்திரத்துக்கு இரண்டு சொல். எங்கள் கட்டுரைகளில் பாதி, பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கையேடுகளிலிருந்து மாற்றியவை. அந்தக் காலத்து எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி விசை. மாற்றிக் கொடுத்த நிரல் அவற்றைச் சேர்க்காமல் அப்படியே விட்டுவிட்டது. சித்தப்பாவின் போன் விசைப்பலகை ஒற்றைக் குறியைப் போட்டது. நானோ சோம்பேறித்தனமாகத் தலைப்பிலிருந்தே சொல்லை நகலெடுத்து ஒட்டித் தேடியிருந்தேன். எனக்குக் கிடைக்காமல் எப்படிப் போகும்!

மருந்து ஒரே வரி. யூனிகோடே இதற்கு 'இயல்பாக்கம்' என்று ஒரு வழி வைத்திருக்கிறது. பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் அது ஒரே குறியாக்கிவிடும். கட்டுரையைச் சேமிக்கும்போது ஒருமுறை, கேள்வி வரும்போது ஒருமுறை செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பழையபடி 'பழைய குருடி கதவைத் திறடி' கதைதான். 'மௌனம்' என்பதை 'மெளனம்' என்று 'ள' போட்டுத் தட்டியிருந்தால் இதுவும் கைகொடுக்காது. அது எழுத்துப்பிழை, குறிப்பிழை இல்லை.

இந்தக் கதவு திறந்ததும் அடுத்த கதவு. சர்வர் 340 கட்டுரைகளையும் ஒவ்வொரு முறையும் வரி வரியாகப் படித்துத் தேடுவதில்லை. எந்தச் சொல் எந்தெந்தக் கட்டுரையில் வருகிறது என்று முன்கூட்டியே ஓர் அட்டவணை போட்டு வைத்திருக்கும். தமிழில் இதற்குச் சொல்லடைவு என்று பெயர் உண்டு. புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967க்கும் 1970க்கும் இடையே பழந்தமிழ் இலக்கியத்துக்கு மூன்று தொகுதிகளாக வெளியிட்டதும் இதைத்தான். ஒரு சங்கச் சொல் எந்தப் பாட்டில், எந்த அடியில் என்று அதில் பார்க்கலாம். கணினி செய்வது அதே வேலை, என்ன, நொடியில் செய்கிறது.

ஆனால் சொல்லடைவு போடும் அறிஞருக்கு 'வேரில்' என்பது 'வேர்' என்பதன் வடிவம் என்று தெரியும். கணினிக்குத் தெரியாது. 'வேர்' என்று தேடினால் 'வேரில்' கிடைக்காது, ஏனென்றால் வேற்றுமை உருபு ஏறியதும் 'ர்'-இன் புள்ளி போய் அந்த இடத்தில் 'ி' வந்துவிடுகிறது. 'மரம்' இன்னும் மோசம். 'மரத்தில்', 'மரத்துக்கு' என்று ஆகும்போது 'ம்' காணாமல் போகிறது. 'பூச்சி' மட்டும் நல்ல பிள்ளை, பூச்சியை, பூச்சியால் என்று முன்பகுதி மாறாமல் நிற்கும். உருபுகளைக் கழற்றி அடிச்சொல்லைப் பிடிக்கும் நிரல்கள் இருக்கின்றன. நாங்கள் சின்ன தளம் என்பதால் அடிக்கடி வரும் நூறு சொற்களுக்குக் கையாலேயே வடிவங்களை எழுதிவிட்டோம்.

கட்டுரைகள் நிறைய இருந்தால் ஒரே தடவையில் கொடுக்க மாட்டார்கள், பக்கம் பக்கமாகத்தான். 340 கட்டுரை, பக்கத்துக்கு 20 என்றால் 17 முறை கேட்க வேண்டும். இதில் ஒரு பொடி வைத்திருக்கிறது. நீங்கள் முதல் பக்கத்தை வாங்கிக்கொண்டு இரண்டாவதைக் கேட்பதற்குள் யாராவது பட்டியலின் தலையில் ஒரு கட்டுரை சேர்த்தால் எல்லாம் ஓர் இடம் கீழே தள்ளும். முதல் பக்கத்தின் கடைசிக் கட்டுரை இரண்டாம் பக்கத்தில் மறுபடி வந்து நிற்கும். ஒன்றை நீக்கினால் இன்னும் ஆபத்து, இடையில் ஒன்று உங்கள் கையில் சிக்காமலே நழுவிவிடும். அதனால் "இரண்டாம் பக்கம் கொடு" என்று கேட்காமல் "118க்கு அடுத்த இருபதைக் கொடு" என்று கேட்பது நல்லது.

விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாலும் வம்புதான். ஒரு ராத்திரி வேறொரு தளத்திலிருந்து எடுக்க இடைவெளியே விடாமல் நிரலை ஓட விட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் 429, வரிசையாக 429. "ரொம்பக் கேட்கிறாய், கொஞ்சம் பொறு" என்பதற்கு 2012இல் வகுத்த எண் அது. எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்றுகூடப் பதிலிலேயே எழுதியிருந்தது. படிக்க வேண்டியவன்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். விக்கிப்பீடியாவில் ஒரே கேள்வியில் 50 தலைப்புகள் வரை சேர்த்துக் கேட்கலாம். ஐம்பது தடவை கதவைத் தட்டுவதை விட அது மரியாதை.

தோப்புக்குள் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடுதான். அதனால் ஒவ்வொரு கட்டுரையோடும் ஓர் அடையாள முத்திரை அனுப்புகிறோம். அடுத்த முறை போன் அந்த முத்திரையைக் காட்டி "இதற்குப் பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று கேட்கும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று மட்டும் சொல்லும், கட்டுரையை மறுபடி அனுப்பாது. போன் தன்னிடம் இருக்கும் நகலையே காட்டிவிடும்.

இன்னும் மிச்சம் இருப்பது பேச்சுத் தமிழ். கட்டுரையில் "பூங்கொத்து கருகும்" என்று இருக்கிறது. சித்தப்பா குரலில் தேடினால் "பூ கருவிப் போவுது" என்கிறார். பொருளை எண்களாக மாற்றி நெருக்கம் பார்க்கும் புதிய தேடல்முறைகள் இதற்கு உதவலாம். எங்கள் வசதிக்கு, ஒவ்வொரு கட்டுரையிலும் 'வழக்குச் சொற்கள்' என்று ஒரு கட்டம் கூட்டியிருக்கிறோம். 118இல் கருவுது, கருவிப் போச்சு, காஞ்சி போவுது மூன்றும் ஏறியாயிற்று.

அடுத்த வாரம் சித்தப்பா மறுபடி 'கொசு' என்று தட்டினார். வந்தது.

"வந்துச்சுப்பா. ஆனா மருந்து அளவு போட்டிருக்கிற எழுத்து ரொம்பப் பொடியா இருக்கு" என்றார்.

அது ஏபிஐ வேலை இல்லை.