தக்கை ஆடாத நேரம்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து ஏதாவது நடக்கிறது. கபடியில் அரை நிமிடத்துக்கு ஒரு ரெய்டு. உலகமே கொண்டாடுகிறதே என்று ஒரு ஃபுட்பால் மேட்சை உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். 90 நிமிடம், கடைசியில் 0-0. இதில் என்ன சார் இருக்கிறது?"

நியாயமான கேள்விதான். 2022 நவம்பர் 22 மதியம் மூன்றரை மணிக்கு, எங்கள் தெருமுனை டீக்கடை டிவியில் கத்தார் உலகக் கோப்பையின் அர்ஜென்டினா – சவூதி அரேபியா ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது நானும் இப்படித்தான் நினைத்தேன். பத்தாவது நிமிடத்திலேயே மெஸ்ஸி பெனால்டியில் ஒரு கோல் போட்டுவிட்டார். அப்புறம் மூன்று முறை பந்து சவூதி வலைக்குள் போனது, மூன்றும் ஆஃப்சைடு என்று கணக்கில் சேரவில்லை. "சரி, இது முடிஞ்ச கதை" என்று கடைக்காரர் சேனலை மாற்றப் போனார். இடைவேளை முடிந்து எட்டு நிமிடத்துக்குள் சவூதி இரண்டு கோல் போட்டது. அந்த ஆட்டம் முழுவதிலும் அவர்கள் கோலை நோக்கி அடித்ததே மூன்று தடவை. தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோற்காமல் வந்திருந்த அர்ஜென்டினா 1-2 என்று தோற்றது. டீ ஆறிப்போனது யாருக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் சவூதியில் தேசிய விடுமுறை. அதே அர்ஜென்டினாதான் அடுத்த மாதம் கோப்பையையும் தூக்கியது.

"எதுவும் நடக்கவில்லை" என்ற புகாரை முதலில் சீக்கிரமாகப் பார்த்துவிடலாம். ஃபுட்பாலில் 90 நிமிடத்தில் ஏறக்குறைய 55 முதல் 60 நிமிடம் பந்து உண்மையிலேயே ஆட்டத்தில் இருக்கும். சாக்கர் (நம் ஃபுட்பாலுக்கு அங்கே அதுதான் பெயர்) போரடிக்கிறது என்று அலுத்துக்கொள்வதில் அமெரிக்கர்கள் பேர்போனவர்கள். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது வேறு ஆட்டம். அதை 2010-இல் அங்குள்ள ஒரு பத்திரிகை கடிகாரம் வைத்து அளந்தது. மூன்று மணி நேர ஒளிபரப்பில் பந்து ஆட்டத்தில் இருந்தது சுமார் 11 நிமிடம்! ஆக, ஃபுட்பாலில் ஆட்டத்துக்குக் குறைவில்லை, குறைவாக இருப்பது கோல்தான். அந்தக் குறைவு என்ன செய்கிறது என்பதில்தான் எனக்கு மிகப் பிடித்த ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

சின்ன வயதில் லீவுக்கு ஊருக்குப் போனால் சித்தப்பா என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவார். ஆளுக்கொரு தூண்டில், கொட்டாங்குச்சியில் மண்புழு, தண்ணீரில் மயிலிறகுத் தண்டால் செய்த தக்கை. சித்தப்பா கைகாரர். சராசரியாக ஒரு மாலைக்கு இரண்டு மீன் பிடிப்பார், நான் ஒன்று. ஆனால் சராசரி என்பது எந்த மாலையும் அப்படியே வந்து நிற்பதில்லை. சில நாள் அவருக்கு நாலு ஜிலேபிக் கெண்டை மாட்டும். சில நாள் வெறுங்கை. ஏரியில் மீன் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஒவ்வொன்றும் கடிக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஒன்று கடிப்பதற்கும் இன்னொன்று கடிப்பதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால், ஒரு மாலையில் எத்தனை மீன் என்பது ஒரு குறிப்பிட்ட கணித வடிவத்துக்குள் வந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பில் பாய்ஸான் பரவல் என்று படித்திருப்பீர்கள். கண்டுபிடித்தவர் பெயர் அது. பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு மீன் என்றே பொருள் என்பது எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரவழைக்கும் தற்செயல்.

பாய்ஸான் இதை எழுதியது 1837-இல். அறுபது ஆண்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1898-இல் போர்ட்கேவிச் என்பவர் பிரஷ்ய ராணுவத்தின் பழைய பதிவேடுகளைப் புரட்டி, குதிரை உதைத்துச் செத்த வீரர்களை எண்ணினார். நம்ம ஊரில் இப்படி ஒரு திட்டத்துக்கு நிதி கேட்டுப் போனால் "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்று முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயன் பிறகு வரும் ஐயா, முதலில் எண்ண விடுங்கள். 10 படைப்பிரிவு, 20 ஆண்டு: ஒரு பிரிவுக்கு ஓராண்டு ஒரு கட்டம் என்று மொத்தம் 200 கட்டங்கள், 122 சாவு. சராசரி 0.61. அந்த ஒரே எண்ணைச் சூத்திரத்தில் போட்டால், யாருமே சாகாத கட்டங்கள் 109, ஒருவர் செத்தது 66, இருவர் 20, மூவர் 4, நால்வர் 1 என்று வருகிறது. பதிவேட்டில் இருந்தது 109, 65, 22, 3, 1. எந்தக் குதிரை எப்போது உதைக்கும் என்று கடவுளுக்கே தெரியாது. ஆனால் எல்லா உதையையும் கூட்டி வைத்துப் பார்த்தால் ஒழுங்கு வந்துவிடுகிறது.

கோலும் அப்படித்தான். பந்து ஆட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான முறை கை மாறுகிறது, அதாவது கால் மாறுகிறது. ஒரு அணி பத்துப் பதினைந்து முறை கோலை நோக்கி அடித்தால் பத்தில் ஒன்று உள்ளே போகும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 2018, 2022 இரண்டு உலகக் கோப்பைகளிலும் தலா 64 ஆட்டம். 169 கோல், 172 கோல். ஆட்டத்துக்குச் சராசரி 2.7 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் கோலே விழாத ஆட்டம் நூற்றுக்கு ஏழு. இரண்டு கோப்பைக்கும் சேர்த்து சுமார் 9 வரவேண்டும். நடந்தது 8. அதிலும் 2018-இல் ஒன்றே ஒன்று, 2022-இல் ஏழு! அரிய நிகழ்வுகள் இப்படிக் கொத்தாக வந்து விழுவதும் இந்தப் பரவலின் குணம்தான். கேள்வி கேட்ட வாசகர் உட்கார்ந்து பார்த்த ஒரே ஆட்டம் அந்த ஏழு சதவீதத்தில் மாட்டியது அவருடைய நேரம், வேறொன்றுமில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். சித்தப்பா என்னைப் போல் இருமடங்கு திறமைசாலி. அப்படியானால் நான் அவரை எப்போதாவது ஜெயிக்க முடியுமா? 100 மாலை உட்கார்ந்தால் அவர் அதிகம் பிடிப்பது 61 மாலை. 21 மாலை இருவரும் சமம். மிச்சம் 18 மாலை நான் ஜெயிப்பேன். சவூதி ஜெயித்தது மாதிரி. அந்த மாதிரி மாலைகளில் சித்தப்பா, "என்னடா, இன்னைக்கு உன் தக்கைதான் ஆடிக்கிட்டே இருக்கு" என்று முனகிக்கொண்டே பீடி பற்றவைப்பார்.

மீன் பத்து மடங்கு அதிகமாகக் கடிக்கும் ஏரி என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 20, எனக்கு 10. திறமை விகிதம் அதே இரண்டுக்கு ஒன்று. ஆனால் நான் ஜெயிக்கும் மாலைகள் 18-இலிருந்து சரிந்து மூன்றுகூட இல்லாமல் போய்விடும். அவருக்கு 200, எனக்கு 100 என்றால் கோடி மாலை உட்கார்ந்தாலும் ஜெயிக்க மாட்டேன். ஏன்? எங்கள் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் எண்ணிக்கையோடு சேர்ந்து பத்து மடங்கு ஏறுகிறது. ஆனால் அதிர்ஷ்டத்தின் ஆட்டம் அதன் வர்க்கமூலம் அளவுக்குத்தான், மூன்றே சொச்சம் மடங்குதான், ஏறுகிறது. புள்ளிகள் பெருகப் பெருக அதிர்ஷ்டம் மூச்சு வாங்கிப் பின்தங்கிவிடும், திறமை முன்னால் போய்க்கொண்டே இருக்கும். ஒரு பேனாவும் பழைய ரசீதின் பின்பக்கமும் போதும் இதைப் போட்டுப் பார்க்க. இதைவிட அழகான ஒன்றைப் பள்ளிக் கணக்கில் நான் பார்த்ததில்லை.

கூடைப்பந்தில் ஒரு அணி நூறு புள்ளி எடுக்கிறது. அங்கே வலுவான அணியைச் சாய்ப்பது கஷ்டம். எலி பென்-நயீம் என்ற இயற்பியலாளரும் கூட்டாளிகளும் 2006-இல் ஐந்து பெரிய லீகுகளின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களை அலசினார்கள். இங்கிலாந்து ஃபுட்பாலில் பலவீனமான அணி ஜெயிப்பது நூற்றுக்கு 45 அளவுக்கு வந்தது. அமெரிக்கக் கூடைப்பந்திலும் அமெரிக்க ஃபுட்பாலிலும் 36. ஐந்தில் அதிகம் கவிழ்வது ஃபுட்பால்தான். கிரிக்கெட்டும் சுருங்கச் சுருங்க இந்தப் பக்கம் நகர்கிறது. டெஸ்டே ஆடாத நெதர்லாந்து 2009-இலும் 2014-இலும் டி20 உலகக் கோப்பையில் இங்கிலாந்தைத் தோற்கடித்தது. ஐந்து நாள் ஆட்டமாக இருந்திருந்தால் நடந்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

பாய்ஸான் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2014-இல் ஜெர்மனி பிரேசிலுக்கு ஆறு நிமிடத்தில் நாலு கோல் போட்டதே, அது தனித்தனி மீன்கள் கடித்த கதை இல்லை. ஒன்று விழுந்ததும் மற்றது சரிந்தது. மனித மனம் குதிரைக் கால் இல்லை.

அதிர்ஷ்டத்துக்கு இவ்வளவு இடம் இருக்கும் இடத்தில் ஜோசியம் கடை விரிக்காமல் இருக்குமா? 2010-இல் ஜெர்மனியில் பால் என்ற ஆக்டோபஸ் எட்டு ஆட்டங்களின் முடிவையும் சரியாகத் தேர்ந்தெடுத்தது. காசு சுண்டிப் பார்த்தால் 256-இல் ஒரு தடவை அப்படி வரும். உலகம் முழுக்கக் கிளி, யானை, பன்றி என்று எத்தனை ஜீவன்களிடம் கேட்டிருப்பார்கள்? ஜெயித்தது மட்டும்தான் பேப்பரில் வரும். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மணி என்ற ஜோசியக் கிளியும் அதே ஆண்டு காலிறுதி முடிவுகளைச் சரியாகச் சொல்லிப் பெயர் வாங்கியது. இறுதியாட்டத்துக்கு நெதர்லாந்துச் சீட்டை எடுத்தது, ஜெயித்தது ஸ்பெயின். கிளி மேல் எனக்குக் கோபமில்லை. கூண்டைத் திறந்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

சரி, நிச்சயமில்லாமல் இருந்தால் மட்டும் ரசிக்குமா? 2003-இல் குரங்குகளை வைத்து ஃபியோரில்லோ, டோப்ளர், ஷுல்ட்ஸ் மூவரும் செய்த பரிசோதனை இங்கே உதவும். திரையில் ஒரு படம் தெரியும்; இரண்டு நொடியில் பழச்சாறு வரலாம், வராமலும் போகலாம். கட்டாயம் வரும், கட்டாயம் வராது என்று குரங்குக்குத் தெரிந்துவிட்ட படங்களுக்கு, காத்திருக்கும் நேரத்தில் மூளையின் டோபமைன் நரம்பணுக்கள் அமைதியாக இருந்தன. வருமா வராதா என்று தெரியாத படங்களுக்கு அந்த இரண்டு நொடியும் துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது, வாய்ப்பு சரிபாதி என்ற படத்துக்குத்தான் மிக அதிகமாக. சாறு வருவதற்கு முன்பே! குரங்கின் சாற்றிலிருந்து சவூதியின் கோலுக்குத் தாவுவது என் சொந்தத் தாவல்தான். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். 80 நிமிடம் மிச்சமிருக்க ஒரு கோல் பின்தங்கிய அணி, ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு கோல் போடக்கூடியது என்றால், அது ஒரு கோலாவது போட வாய்ப்பு நூற்றுக்கு 59. கடைசிப் பத்து நிமிடத்தில்கூட நூற்றுக்குப் பத்து. கடைசி ஓவரில் 60 ரன் வேண்டும் என்றால் நாம் எழுந்து சட்டையை மாட்டுவோம். 1-0 என்றால் எழ முடியாது.

அதே 1-0 உயிரே இல்லாமலும் இருக்க முடியும் என்பதற்கு ஸ்பெயினின் கிகோன் நகரமே சாட்சி. 1982 ஜூன் 25, உலகக் கோப்பை, மேற்கு ஜெர்மனி – ஆஸ்திரியா. அந்தப் பிரிவில் அல்ஜீரியாவின் ஆட்டங்கள் முந்தின நாளே முடிந்துவிட்டன. ஜெர்மனி ஒரு கோல், இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இரண்டு அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியே. ஜெர்மனி பத்துப் பதினோரு நிமிடத்துக்குள் ஒரு கோல் போட்டது. மிச்ச 80 நிமிடமும் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் விலைபோய்விட்டது என்பது போல் அரங்கத்தில் அல்ஜீரிய ரசிகர்கள் பண நோட்டுகளை ஆட்டிக் காட்டினார்கள். ஆஸ்திரிய வர்ணனையாளர் பார்வையாளர்களிடம் டிவியை அணைத்துவிடுங்கள் என்றே சொல்லிவிட்டார். கத்தாரில் இருந்த அதே ஸ்கோர், கிட்டத்தட்ட அதே நிமிடம். ஆனால் முடிவு முன்பே தெரிந்துவிட்டது. தக்கைக்குக் கீழே தூண்டில் முள்ளே இல்லை. அதற்குப் பிறகுதான் பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தத் தொடங்கினார்கள்.

இன்னொரு சலிப்பான காலம் 1990 இத்தாலி உலகக் கோப்பை. 52 ஆட்டத்தில் 115 கோல், ஆட்டத்துக்கு 2.21, உலகக் கோப்பையிலேயே ஆகக் குறைவு. ஒரு கோல் போட்டதும் தடுப்பாட்டக்காரர் கோல்கீப்பருக்குப் பந்தைத் தட்டுவார், அவர் கையில் எடுத்து, நாலு தட்டு தட்டி, திரும்ப உருட்டுவார், அது மறுபடி அவரிடமே வரும். நேரத்தைக் கொல்வதற்கென்றே இப்படிச் செய்தார்கள். 1992-இல் விதியை மாற்றினார்கள்: சொந்த அணிக்காரர் காலால் வேண்டுமென்றே தட்டிவிட்ட பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது. 1994 உலகக் கோப்பையில் வெற்றிக்கு இரண்டு புள்ளிக்குப் பதில் மூன்று என்றார்கள். அங்கேயும் 52 ஆட்டம்தான், 141 கோல். கோல் வலையை அகலமாக்கு, ஆஃப்சைடைத் தூக்கு என்று அவ்வப்போது யாராவது யோசனை சொல்வதுண்டு. அதை மட்டும் செய்துவிடக் கூடாது என்பது என் கட்சி. ஏரியில் மீன் பெருகிவிட்டால் சித்தப்பாவை நான் எப்போது ஜெயிப்பது?

எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் ஒரு மாலை அவருக்கு ஒன்றும் மாட்டவில்லை, எனக்கு மூன்று. கடைசியாக வந்தது உள்ளங்கை அகலக் கெளுத்தி. முள் குத்தி ரத்தம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் சித்தி கேட்டார், யார் பிடித்தது என்று. சித்தப்பா கால் கழுவிக்கொண்டே, "அவன்தான். இன்னைக்கு ஏரி அவன் பக்கம்" என்றார். மறுநாள் மதியமே கொட்டாங்குச்சியோடு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன்.