கர்ப்பத்தை மூன்று மாதம் மறைத்தால் பணம் முடங்கும்: முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி

எங்கள் தெருவில் ஒரு பெண். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் பாஸ்புக், நான்கு ஆதார் நகல், ஓரம் கிழிந்த தாய் சேய் நல அட்டை. சுகாதார நிலையத்தில் "அனுப்பியாச்சு, பேங்க்ல கேளுங்க" என்றார்களாம். பேங்கில் "எங்களுக்கு எதுவும் வரலை, அனுப்பினவங்களையே கேளுங்க" என்றார்களாம். மூன்று மாதமாக இந்த இரண்டு வாசலுக்கும் நடந்திருக்கிறார். கடைசியில் பார்த்தால் பணம் எப்போதோ வந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும்போது உதவித்தொகைக்காகத் திறந்து, பிறகு மறந்தே போன கணக்கில் கிடந்தது. ஒரே ஒருவர் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் முடிந்திருக்கும் வேலை.

திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-ல் தமிழக அரசு தொடங்கியது. இப்போது ஒரு பிரசவத்துக்கு மொத்த மதிப்பு 18,000 ரூபாய். இதில் 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும். மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள்: ஹெல்த் மிக்ஸ், இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய் போன்றவை. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம், 19 வயது முடிந்த தாய், முதல் இரண்டு பிரசவங்கள் என்றால் கிடைக்கும். மூன்றாவதற்குக் கிடையாது. முதல் குழந்தைக்கு மத்திய அரசு தரும் மாத்ரு வந்தனா பணமும் இதற்குள்ளேயே அடக்கம். அதைத் தனியாக வாங்கித் தருகிறேன் என்று யாராவது கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி சிக்கல்களுக்கு வருவோம். முதல் சிக்கல் நம் வீட்டிலேயே தொடங்குகிறது. மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது நம் வழக்கம். கண் பட்டுவிடும், கரு தங்கட்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். திட்டமோ 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. இந்த 12 வாரம் பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நாள் தள்ளிப்போய் சோதித்துப் பார்க்கும்போதே ஐந்து, ஆறு வாரம் ஓடியிருக்கும். கையில் மிச்சம் ஆறு வாரம்தான். ஊருக்கும் உறவுக்கும் எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், அது உங்கள் விருப்பம். கிராம சுகாதார செவிலியரிடம் மட்டும் உடனே சொல்லிவிடுங்கள்.

"நாங்க பிரைவேட்ல பார்க்கிறோமே, ஸ்கேன்கூட எடுத்தாச்சே" என்பார்கள். அந்த ஃபைலை அரசு பார்ப்பதில்லை. துணை சுகாதார நிலையத்திலோ பி.எச்.சி. எனும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவாகி உங்களுக்கு 12 இலக்க ஆர்.சி.எச். எண், அதாவது தாய் சேய் நலப் பதிவு எண், வர வேண்டும். எல்லோரும் பிக்மி நம்பர் என்று சொல்வது இதைத்தான். இந்த எண் இல்லாவிட்டால் நாளைக்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அலைய நேரிடும். அதனால் உதவித்தொகை வேண்டாம் என்பவர்களும், தனியாரில் பிரசவம் பார்ப்பவர்களும்கூட இதை வாங்கித்தான் ஆக வேண்டும். நர்சிடம் "பதிவு பண்ணிட்டீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நம்பரை அட்டையில் எழுதிக் கொடுங்கம்மா" என்று கேளுங்கள். எழுதி வாங்கியதும் அந்தப் பக்கத்தை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நர்சுகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பல கிராமங்களுக்கு ஒரே ஆள். தடுப்பூசியும் போட வேண்டும், வீடு வீடாகவும் போக வேண்டும், ராத்திரி உட்கார்ந்து கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். ஆனால் ஒரு எழுத்து தவறாக ஏறிவிட்டால் அலைவது பிள்ளை பெற்றவள்தான். இது நியாயமே இல்லை.

வங்கிக் கணக்கில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். கணக்கு தாயின் பெயரில் இருக்க வேண்டும். கணவர் கணக்கு, மாமியார் கணக்கு செல்லாது. ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் பெயர் என்று இருந்தால் பதிவுக்கு முன்பே ஒன்றை மாற்றிவிடுங்கள். ரொம்ப நாளாக வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிக் கிடக்கும். வங்கிக்குப் போய் கே.ஒய்.சி. எனும் அடையாள, முகவரிச் சான்றுகளைக் கொடுத்து அதை உயிர்ப்பிக்க வேண்டும்.

அப்புறம் ஆதார் இணைப்பு. பேங்கில் ஆதார் நகல் கொடுத்தேனே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது வேறு. அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று குறித்து வைப்பது வேறு. பேங்கில் இதை ஆதார் சீடிங் அல்லது என்.பி.சி.ஐ. லிங்க் என்பார்கள். இரண்டு மூன்று கணக்கு இருந்தால், கடைசியாக எதில் சீடிங் ஆனதோ அதற்குத்தான் ஆதார் வழிப் பணம் போகும். எங்கள் தெருப் பெண்ணுக்கு நடந்தது இதுதான். ஆதாரின் இணையதளத்தில் நுழைந்தால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். பதிவு செய்யப் போவதற்கு முன்தினம் பாருங்கள், பிள்ளை பெற்ற பிறகல்ல.

அடுத்தது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். பதிவு புகுந்த வீட்டு ஊரில், பிரசவம் தாய்வீட்டு ஊரில், தடுப்பூசியும் அங்கேயே. பிரசவத்துக்குப் பின் வர வேண்டிய தவணைகள் பிரசவ விவரமும் குழந்தையின் தடுப்பூசிகளும் பதிவில் ஏறியிருக்கிறதா என்பதைப் பொறுத்தவை. இங்கே உள்ள நர்ஸ் "அங்கே போட்டுட்டாங்களே, அவங்க ஏத்தணும்" என்பார். அங்கே உள்ளவர் "உங்க ரெஜிஸ்டர் எங்ககிட்ட இல்லையே" என்பார். இந்த இழுபறியில்தான் மாதங்கள் ஓடுகின்றன. கிளம்புவதற்கு முன் சொந்த ஊர் நர்சிடம் போகும் ஊரைச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்த வாரமே அங்குள்ள நர்சைப் பார்த்து அட்டையைக் காட்டுங்கள். 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் போடும் ஒவ்வொரு முறையும் அட்டையில் தேதி எழுதி வாங்குங்கள். "கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சா?" என்று கேட்டுவிட்டே வீடு திரும்புங்கள். பிறப்பும் குழந்தை பிறந்த ஊரில்தான் பதிவாகும் என்பதால், தாய்வீட்டிலிருந்து திரும்புவதற்குள் பிறப்புச் சான்றிதழையும் கையோடு வாங்கிவிடுங்கள். 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. பெயர் வைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம், ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

இந்த உதவி அரசு மருத்துவமனைப் பிரசவத்தை மனதில் வைத்து வகுத்தது. கடைசி நேரத்தில் தனியாருக்குப் போய்விட்டு முழுத்தொகையும் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் சிசேரியன், மருந்து, ரத்தம், ஸ்கேன், சாப்பாடு, வீட்டுக்கு வண்டி எல்லாமே இலவசம். "பையன் பிறந்திருக்கான், கவனிங்க" என்று கை நீட்டுபவருக்கு ஒரு ரூபாய்கூட நீங்கள் கடன்படவில்லை.

இதைச் சொல்லும்போதே ஒன்று. கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்க்காமல் வேறு வேளைக்கு மாற்றுங்கள். ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குவது, குழந்தை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

"மகப்பேறு பணம் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். இந்தப் பணத்துக்காகப் போனில் யாரும் ஓ.டி.பி. கேட்க வேண்டிய தேவையே இல்லை. பச்சை உடம்புக்காரியின் கணக்கைத் துடைத்தெடுக்கும் கூட்டம் அது.

தவணை வரவில்லையா? முதலில் நர்சிடம் உங்கள் பிக்மி எண்ணைச் சொல்லி, பணம் அனுப்பப்பட்டதா, திரும்பி வந்ததா, இன்னும் ஒப்புதலே ஆகவில்லையா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் வழி வேறு வேறு. பதில் கிடைக்காவிட்டால் வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. அதற்கும் அசையவில்லை என்றால் முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுங்கள். கைக்குழந்தையோடு நீங்கள் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கணவரோ அம்மாவோ அந்த முத்திரை போட்ட நகலோடு போனால் போதும்.