ஷட்டவுன் பண்ணின பிறகும் லேன் கார்டு எப்படி முழிச்சிருக்கு?

நைட் கம்ப்யூட்டரை ஷட்டவுன் பண்ணிட்டு ரூம் லைட்டையும் அணைச்சுட்டு கேபினட் பின்னாடி எட்டிப் பாருங்க, பல கம்ப்யூட்டர்ல லேன் கேபிள் சொருகின இடத்துல ஒரு குட்டி லைட் மினுக்கிட்டே இருக்கும். ஃபேன் நின்னாச்சு, ஹார்ட் டிஸ்க் நின்னாச்சு, இது மட்டும் யாரோட கரண்ட்ல எரியுது? வேற இடத்துல இருந்து நெட்வொர்க் வழியா கம்ப்யூட்டரை எழுப்பி ஆன் பண்ணலாம், வேக்-ஆன்-லேன்னு பேரு, அதுக்காகத்தான் லேன் கார்டு முழிச்சிருக்கு.

1995ல இன்டெல், மதர்போர்டும் பவர் சப்ளையும் எப்படி இருக்கணும்னு ஏடிஎக்ஸ்னு ஒரு முறை கொண்டுவந்தாங்க. அதுக்கு முன்னாடி வந்த மெஷின்ல முன்பக்க சுவிட்ச் நேரா மெயின் கரண்டையே கட் பண்ணிடும். ஏடிஎக்ஸ்ல அப்படி இல்ல, எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள்ள இருக்குற பவர் சப்ளை பெட்டி) உள்ளேயே தனியா ஒரு குட்டி சப்ளை இருக்கு, ப்ளக்ல கரண்ட் இருக்குற வரைக்கும் அது ஓடிட்டே இருக்கும், மதர்போர்டுக்குப் போற பெரிய கனெக்டர்ல ஊதா கலர் வயர்ல 5 வோல்ட் வந்துட்டே இருக்கும். இதுதான் ஸ்டாண்ட்பை. அதே கனெக்டர்ல பச்சை வயர் ஒண்ணு, அதை மதர்போர்டு கிரவுண்டோட சேர்த்தா பெரிய சப்ளை எழுந்துக்கும். நாம முன்னாடி அமுக்குற பட்டன் மதர்போர்டுகிட்ட "எழுப்பு"ன்னு சொல்றது மட்டும்தான்.

சரி, மதர்போர்டு வரைக்கும் வந்தாச்சு, கார்டுக்கு எப்படி? பழைய பிசிஐ (மதர்போர்டுல கார்டு சொருகுற ஸ்லாட் வகை) லேன் கார்டுக்கு மூணு வயர் உள்ள தனி கேபிள் ஒண்ணை மதர்போர்டுல இருந்து இழுத்து சொருகணும், 5 வோல்ட், கிரவுண்ட், எழுப்புற சிக்னல், அவ்வளவுதான். 1998ல வந்த பிசிஐ 2.2ல ஸ்லாட்லயே 3.3 வோல்ட்டுக்குன்னு தனி பின் ஒதுக்கிட்டாங்க, கேபிளுக்கு வேலை போச்சு.

இப்ப இருக்குற பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒண்ணை கையில எடுத்து சிப் இருக்குற பக்கத்தை பாருங்க. தகரத் தகடு இருக்குற முனையில இருந்து தங்கக்கலர் பட்டையை எண்ணிட்டு வந்தா 11 பட்டை, அப்புறம் ஒரு வெட்டு. 10வது பட்டைதான் ஸ்டாண்ட்பை 3.3 வோல்ட், 11வது எழுப்புற சிக்னல். மெஷின் தூங்கும்போது கார்டோட உயிர் மொத்தமும் அந்த ஒத்தைப் பட்டையில இருக்கு, எனக்கு இன்னமும் இது ஆச்சரியமாத்தான் இருக்கு.

ஆனா கஞ்சிக்கு அளவு உண்டு. எழுப்புற வேலைக்கு அனுமதி வாங்கின கார்டு 375 மில்லி ஆம்பியர் வரைக்கும் எடுக்கலாம், அதாவது ஒண்ணேகால் வாட்டுக்கும் கொஞ்சம் கம்மி, அனுமதி இல்லைன்னா 20 மில்லி ஆம்பியர்தான். கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதே மாதிரி ஸ்லாட் 75 வாட் வரைக்கும் குடுக்குது, அதோட வச்சுப் பாருங்க. அதனாலதான் நிறைய லேன் கார்டு ஷட்டவுன் ஆனதும் கிகாபிட்டை விட்டுட்டு 100 இல்ல 10 மெகாபிட்டுக்கு இறங்கிடும். போர்ட் லைட் கலர் மாறுறதுக்கு காரணம் இதுதான்.

அந்த நிலைமையில கார்டு ஒண்ணே ஒண்ணைத்தான் தேடிட்டு இருக்கு. நெட்வொர்க்ல வர்ற ஒரு குட்டி தகவல், மேஜிக் பாக்கெட்னு பேரு, முதல்ல எல்லா பிட்டும் 1ஆ இருக்குற 6 பைட், அப்புறம் அந்த கார்டோட மேக் அட்ரஸ் (கார்டுக்குன்னே இருக்குற 6 பைட் அடையாள நம்பர்) 16 தடவை, மொத்தம் 102 பைட். அது வந்துச்சுன்னா கார்டு 11வது பட்டையை கிரவுண்டுக்கு இழுக்கும், மதர்போர்டு பச்சை வயரை இழுக்கும், ஃபேன் சுத்த ஆரம்பிச்சிடும்.

கார்டு டிசைன் பண்றவங்களுக்கு இதுல பெரிய தலைவலி ஒண்ணு இருக்கு. கார்டுல பாதி உயிரோட இருக்கும், பாதி செத்திருக்கும், உயிரோட இருக்குற பக்கத்துல இருந்து கரண்ட் கசிஞ்சு அந்தப் பக்கம் போயிடக்கூடாது. அதுக்காக ரெண்டு சப்ளைக்கும் நடுவுல மாஸ்ஃபெட் (சுவிட்ச் மாதிரி வேலை செய்யுற டிரான்சிஸ்டர்) வச்சு, மெயின் 3.3 வந்தா அதுக்கு மாறு, போனா ஸ்டாண்ட்பைக்கு மாறுன்னு விடுவாங்க. மாறுற அந்த நொடியில வோல்டேஜ் சரிஞ்சா சிப் எல்லாத்தையும் மறந்துடும், அதனால பக்கத்துலயே கொஞ்சம் கரண்டைத் தேக்கி வைக்கிற கெப்பாசிட்டரும் வேணும்.

இவ்வளவும் சரியா இருந்தும் என் மெஷின் ரெண்டு நாள் எழவே இல்ல. கேபிளை மாத்தினேன், டிரைவரை மாத்தினேன், கார்டை ஸ்லாட் மாத்தி சொருகினேன் (கழட்டும்போது ப்ளக்கை பிடுங்கிடுங்க, ஸ்டாண்ட்பை அங்க இருந்துட்டே இருக்கும்). கடைசியில பயாஸ்ல (மதர்போர்டோட சொந்த செட்டிங் ஸ்கிரீன்) ஈஆர்பின்னு ஒரு செட்டிங் ஆன்ல இருந்துச்சு. ஐரோப்பாவுல 2013ல இருந்து ஆஃப்ல இருக்குற மெஷின் அரை வாட்டுக்கு மேல எடுக்கக்கூடாதுன்னு விதி, அதுக்காக வச்ச செட்டிங் அது, அதை ஆன் பண்ணா ஸ்லாட்டுக்குப் போற ஸ்டாண்ட்பையையே மதர்போர்டு நிறுத்திடும். ஆஃப் பண்ணி, சேவ் பண்ணி, ஷட்டவுன் குடுத்துட்டு பின்னாடி போய் குனிஞ்சு பார்த்தேன், போர்ட்ல லைட் மினுக்கிட்டு இருந்துச்சு.