170 மி.மீ. வாங்கியாயிற்று, காற்று எவ்வளவு என்று பார்த்தீர்களா?

இன்னும் ஒருவர் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு என் பட்டறைக்கு வந்து நின்ற பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். துறைமுகத்தை ஒட்டிய சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர். எடை 62 கிலோ. முன்னும் பின்னும் 170 மி.மீ. டிராவல் (சக்கரம் மேல்நோக்கி நகரக்கூடிய தூரம்) கொண்ட, கரடுமுரடான மலை இறக்கங்களுக்கான எண்டியூரோ வகை மவுண்டன் பைக் சைக்கிள் ஒன்றை வெளியூரிலிருந்து பழைய வண்டியாக வாங்கி, திருவொற்றியூரில் ஒரு தெருவின் வேகத்தடையில் சற்று வேகமாக ஏறியிருக்கிறார். பின்சக்கரம் அவரைத் தூக்கி எறிந்துவிட்டது. “எல்லாரும் மெத்தை மாரி இருக்குன்னுதானேண்ணா சொல்றாங்க, எனக்கு மட்டும் ஏன் கல்லு மாரி இருக்கு?” என்று கேட்டார். காற்றடைத்த பின்புற ஷாக்கில் (அதிர்வுத் தாங்கியில்) பம்பை மாட்டினேன். முள் 255 பி.எஸ்.ஐ. காட்டியது. அமுங்கிய ஷாக் திரும்பி எழும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் குமிழ் முழுவதுமாக முயல் படம் இருக்கும் பக்கத்தில், அதாவது மிக வேகமான நிலையில் இருந்தது. முந்தைய உரிமையாளர் 90 கிலோவுக்கு மேல் என்பது விசாரித்ததில் தெரிந்தது. விற்றவரும் தொடவில்லை, வாங்கியவரும் தொடவில்லை, நடுவில் முழுச் சோதனை செய்ததாகப் பில் போட்ட கடையும் அந்தக் காற்றைத் தொடவில்லை.

இவர்கள் எல்லோரும் வாங்குவதற்கு முன் நிறையக் கருத்துகளைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். ஒரே வண்டியைப் பற்றி ஒருவர் மிருதுவாக இருக்கிறது என்பார், இன்னொருவர் சின்னக் கல்லுக்கே கை அதிர்கிறது என்பார், மூன்றாமவர் பள்ளத்தில் இறங்கினால் அடியோடு முட்டிவிடுகிறது என்பார். மூவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கடினமாக இருக்கும் அதே காற்றழுத்தம் 95 கிலோ எடையுள்ளவருக்குப் போதாமல் போகும். சொல்பவரின் எடை, அவர் வைத்திருந்த காற்றழுத்தம், டயரில் இருந்த காற்று, ஓட்டிய இடம் ஆகிய நான்கும் தெரியாத கருத்தை வைத்துக்கொண்டு வண்டியைப் புகழ்வதிலும் திட்டுவதிலும் பொருளில்லை. ‘ஏற்றத்தில் நன்றாக ஏறுகிறது’ என்று கனடாவின் விஸ்லர் மலைப்பகுதியில் ஓட்டுபவர் எழுதினால், இவ்வளவு டிராவல் உள்ள வண்டிக்கு அது பரவாயில்லை என்றுதான் அவர் சொல்கிறார். அதை நம்பி 15, 16 கிலோ எடையும் பெரிய முட்கள் கொண்ட டயரும் உள்ள வண்டியில் எண்ணூர் விரைவுச்சாலையின் எதிர்காற்றில் மிதித்துவிட்டு, வண்டி மந்தமாக இருக்கிறது என்று என்னிடம் வந்து குறைப்படக் கூடாது.

எனக்கு மிகுந்த எரிச்சலைத் தருவது, டிராவல் கூடக் கூட வண்டி மிருதுவாகும் என்ற நம்பிக்கை. இதை எத்தனை முறை விளக்கினாலும் அடுத்த வாரம் இன்னொருவர் அதே நம்பிக்கையோடு வருகிறார். டிராவல் என்பது சக்கரம் மேல்நோக்கி நகரக்கூடிய அதிகபட்ச தூரம் மட்டுமே. அந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு விசை தேவை என்பதைக் காற்றழுத்தமோ சுருள் வில்லோதான் தீர்மானிக்கிறது. தாம்புக்கயிறு நீளமாக இருப்பதால் கிணற்றுத் தண்ணீர் இனித்துவிடாது. காற்றை அளவுக்கு மீறி அடைத்த 170 மி.மீ. வண்டி, எடைக்கேற்பச் சரியாக அமைத்த 120 மி.மீ. வண்டியைவிடக் கையை அதிகம் உதறும். ஏனென்றால் அந்த 170இல் பாதியைக்கூட அது பயன்படுத்தியிருக்காது. கிராஸ் கண்ட்ரி வண்டிகளுக்கு ஏறத்தாழ 100 முதல் 120 மி.மீ., டவுன்ஹில் வண்டிகளுக்கு 200 மி.மீ. என்று டிராவல் மாறுவது, ஓட்டும் நிலத்தின் கரடுமுரடும் வேகமும் மாறுவதால்தான். ஆகவே ‘170 வாங்கிவிட்டேன், இனி வியாசர்பாடி ரோட்டுப் பள்ளம் எதுவும் தெரியாது’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது சேக். நீங்கள் ஏறி உட்கார்ந்த மாத்திரத்தில் உங்கள் எடையால் மட்டும் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பதே அது. சஸ்பென்ஷனைப் பூட்டும் நெம்புகோலைத் திறந்த நிலையில் வைத்து, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஓட்டும் நிலையில் அமர்ந்து, ஷாக் தண்டின் மீதுள்ள ரப்பர் வளையத்தை சீல் வரை தள்ளிவிட்டு, குலுங்காமல் இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். மாவுக்கட்டு இளைஞரின் ஷாக்கில் தண்டு உள்ளே போகக்கூடிய மொத்த நீளம் 65 மி.மீ. (பின்சக்கரம் 170 மி.மீ. நகர ஷாக் இவ்வளவு அமுங்கினால் போதும்); இந்த வகை வண்டிக்கு அதில் சுமார் 30 சதவீதம், அதாவது 19 மி.மீ.க்குச் சற்று மேல் இறங்க வேண்டும். அவருக்கு 9 மி.மீ. இறங்கியது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கு 15 முதல் 20 சதவீதம் போதும். காற்றை மாற்றிய ஒவ்வொரு முறையும் சஸ்பென்ஷனைப் பத்துத் தடவை மெதுவாக அமுக்கிவிட்டுத்தான் மறுபடி அளக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் இரண்டு அறைகளிலும் அழுத்தம் சமமாகாமல் அளவு பொய் சொல்லும். ரீபவுண்டை அதன் பிறகு சரிசெய்யுங்கள். காற்று கூடினால் அதை மெதுவாக்க வேண்டும், குறைந்தால் வேகமாக்க வேண்டும். இவ்வளவு நினைவிருந்தால் போதும்.

பங்ச்சர் கடைக் கம்ப்ரஸரை ஷாக்கின் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். வால்வு மோட்டார் சைக்கிள் டியூபில் இருப்பது போலவே இருப்பதால் குழாய் பொருந்திவிடுகிறது, அதுதான் ஆபத்தே. ஷாக்கின் காற்றறை மிகச் சிறியது. கண் மூடித் திறப்பதற்குள் அழுத்தம் எங்கோ போய்விடும். ஷாக் பம்ப் என்று தனியாக ஒன்று விற்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். பம்பைக் கழற்றும்போது ‘புஸ்’ என்று வருவது பெரும்பாலும் பம்பின் குழாயில் மிச்சமிருக்கும் காற்று. மறுநாள் பம்பை மாட்டினால் முள் குறைவாகக் காட்டுவதும் ஷாக்கின் காற்று குழாய்க்குள் புகுவதால்தான். இதைக் கசிவு என்று நினைத்துக்கொண்டு சீல் மாற்றச் சொல்லி வருபவர்களை நான் பாதி வழியிலேயே திருப்பி அனுப்புகிறேன். இன்னொன்று, காற்றை முழுவதுமாக வெளியேற்றாமல் ஷாக்கின் உறையைக் கழற்ற முயலாதீர்கள். அது முகத்தில் வந்து அடிக்கும்.

காற்றைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்ப்பக்கம் ஓடுபவர்களும் இருக்கிறார்கள். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சு தரையிலிருந்து 345 மி.மீ. உயரத்தில் இருக்கும் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிராங்க் 170 மி.மீ. என்றால், கீழே வந்த பெடலுக்கும் தரைக்கும் நடுவே 175 மி.மீ. மிஞ்சும். இருபுறமும் சஸ்பென்ஷன் 170 மி.மீ. முழுவதும் அமுங்கினால் அதில் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சாது. அரைகுறைக் காற்றோடு மிதித்துக்கொண்டே மணலி சாலையில் கண்டெய்னர் லாரிகள் தோண்டிவைத்த பள்ளத்தில் இறங்கினால் பெடல் தரையில் மோதி ஆளைக் கவிழ்த்துவிடும். பின்னால் வருவது இன்னொரு கண்டெய்னர் லாரி என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உள்ளங்கை மரத்துப்போகிறது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் உணர்வில்லாமல் இருக்கின்றன என்று சொல்பவர்களின் வண்டியில் சஸ்பென்ஷனைக் குறை சொல்லிப் பயனில்லை. இவ்வகைப் புதிய வண்டிகளில் சீட் குழாய் 76, 77 பாகை அளவுக்கு நிமிர்ந்து நிற்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் உடலை முன்னால் வைத்திருக்க அது உதவுகிறது. நம் வடசென்னையோ தட்டையான நிலம். தட்டையான சாலையில் மணிக்கணக்காக ஓட்டும்போது அதே அமைப்பு உடலின் எடையைக் கைகளின் மேல் தள்ளிவிடுகிறது. ஹேண்டில்பாரை உயர்த்தலாம், சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளலாம், கைப்பிடியை மாற்றலாம், ஓரளவுக்குத்தான் குறையும். மரப்பு நீடித்தால் என்னிடம் வராமல் மருத்துவரிடம் போங்கள். மலைக்குப் போகவே வாங்கினேன் என்பவர்களிடம் எனக்குச் சண்டையில்லை, ஆனால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் தார்ச்சாலையிலேயே ஏறி இறங்கப் போகிறவருக்கு முன்புறம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியே தாராளம்.

நம் பகுதிக்கே உரிய எதிரிகள் இரண்டு, கடல் உப்பும் சாம்பலும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக ஓட்டிவிட்டு வண்டியை அப்படியே மாடிப்படிக்குக் கீழே சாத்திவைத்தால், சில வாரங்களில் இணைப்பு போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருக்கும். அனல் மின்நிலையங்களைச் சுற்றியுள்ள சாலைகளில் பறக்கும் சாம்பல் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தாள். சீலின் விளிம்பில் அது ஒட்டியிருக்க ஃபோர்க் மேலும் கீழும் போனால் தண்டின் பூச்சு தேய்ந்துபோகும், பூச்சு போன தண்டை மாற்றுவதுதான் வழி, அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஓட்டி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் தண்டுகளை மட்டும் தனியாகத் துடையுங்கள். தயவுசெய்து வாட்டர் வாஷ் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த வேகத்தில் அடிக்கும் நீர் பேரிங்குகளுக்குள்ளும் சீல்களுக்குள்ளும் அழுக்கைத் தள்ளிவிட்டுத்தான் வெளியே பளபளப்பைக் காட்டுகிறது. ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி எண்ணெயை மாற்ற 50 மணி நேர ஓட்டம், 125 மணி நேர ஓட்டம் என்று தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கணக்கு வேறுபடும். இங்கே ஓட்டுபவர்கள் அந்தக் கணக்கு வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

பழைய வண்டி வாங்குபவர்கள் விற்பவரின் எடையைக் கூச்சப்படாமல் கேளுங்கள். காற்று ஷாக் என்றால் பம்போடு முடிந்துவிடும். சுருள் வில் ஷாக் என்றால் வில்லின் மீது அச்சிட்டிருக்கும் எண் உங்கள் எடைக்குப் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் வேறு வில் வாங்கும் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். என்னிடம் அளக்க வருவதானால் ஹெல்மெட், ஷூ, முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை என்று ஓட்டும்போது அணியும் எல்லாவற்றோடும் வாருங்கள்; ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியும் செருப்புமாக வந்து உட்கார்ந்தால் நான் அளப்பது நீங்கள் ஓட்டும்போது இருக்கும் சேக் ஆகாது.