விசுவாசம்: சபைக்குள் ஒரு பொருள், தெருவில் ஒரு பொருள்

"அவர் ரொம்ப விசுவாசமான ஆளு" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் நமக்கு என்ன புரிகிறது? கூடவே நிற்பவர், கஷ்ட காலத்தில் கைவிட்டுப் போகாதவர், முதுகுக்குப் பின்னால் வேறு பேசாதவர். "அவர் நல்ல விசுவாசி" என்று அதே ஆளைப் பற்றிச் சபைக்குள் சொன்னால் பொருள் மாறிவிடுகிறது. இயேசுவை ஏற்றுக்கொண்டவர், ஞானஸ்நானம் எடுத்தவர், ஜெபித்தால் நடக்கும் என்று திடமாக நம்புகிறவர். சொல் ஒன்றுதான், ஆனால் வாசற்படியைத் தாண்டியதும் வேறு ஒன்றாகிவிடுகிறது. பல வருஷம் இதை நான் கவனிக்கவே இல்லை. கவனித்த பிறகு, தெருவில் இருக்கிற பொருள்தான் வேதத்தின் மூலச் சொல்லுக்கு அதிகம் கிட்டத்தில் இருக்கிறது என்று படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. விசுவாசம் வடமொழிச் சொல். 'விச்வாஸ' என்பதன் வேர் 'ச்வஸ்', அதாவது மூச்சு விடுதல். நாம் சொல்லும் சுவாசமும் அதே வேரில் பிறந்ததுதான். விசுவாசம் என்றால் ஆதியில் தாராளமாக மூச்சு விடுவது, பயம் நீங்கி ஆசுவாசமாக இருப்பது. (ஆசுவாசமும் இந்தக் குடும்பம்தான்.) யாருக்குப் பக்கத்தில் இருந்தால் நெஞ்சு படபடக்காமல் மூச்சு சீராக வருகிறதோ, அவர்மேல் நமக்கு விசுவாசம் இருக்கிறது. அங்கிருந்து நம்புதல் என்ற பொருள் வந்தது. பிறகு தமிழில் புழங்கப் புழங்க, நம்புகிறவனின் மனநிலையிலிருந்து நம்பத்தகுந்தவனின் குணத்துக்கும் நகர்ந்தது. நன்றி விசுவாசம், ராஜ விசுவாசம், எஜமான விசுவாசம் எல்லாம் அப்படி வந்தவை. "விசுவாசம்தான் சுவாசம்" என்று பிரசங்கத்தில் எதுகைக்காகச் சொல்வதுண்டு, ஆனால் அது சொல்லாராய்ச்சியிலும் சரியாகவே பொருந்துகிறது.

இந்தச் சொல்லை வைத்து மொழிபெயர்த்த மூலச் சொற்கள் இரண்டு. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'பிஸ்திஸ்', பழைய ஏற்பாட்டின் எபிரெயத்தில் 'எமுனா'.

எமுனாவிடம் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. இந்தப் பெயர்ச்சொல் வேதாகமத்தில் முதன்முதலாக வருகிற இடம் யாத்திராகமம் 17:12. அங்கே யாரும் எதையும் 'விசுவாசிப்பதாக' ஒரு வார்த்தை கிடையாது. அமலேக்கு என்ற எதிரி இனத்தோடு யுத்தம் நடக்கிறது. மோசே குன்றின்மேல் கைகளை உயர்த்தியிருக்கும்போது இஸ்ரவேல் மேற்கொள்கிறது, கை தாழ்ந்தால் அமலேக்கு மேற்கொள்கிறது. வயதான மனுஷர், எவ்வளவு நேரம்தான் தூக்கி வைத்திருப்பார்? கை அசந்துபோகிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்கார வைத்து, ஆரோன் ஒரு பக்கம், ஊர் என்ற பெயருள்ளவர் ஒரு பக்கம் நின்று கைகளைத் தாங்குகிறார்கள். "இவ்விதமாய் அவன் கைகள் சூரியன் அஸ்தமிக்கும்வரைக்கும் ஒரே நிலையாயிருந்தது" என்று நம் தமிழ் வேதம் முடிக்கிறது. 'ஒரே நிலை' என்று தமிழில் வந்திருக்கிற இடத்தில் எபிரெயத்தில் இருப்பதுதான் எமுனா. நடுங்குகிற கை, வலிக்கிற தோள், பக்கத்தில் இரண்டு பேர், இறங்கிக்கொண்டிருக்கிற வெயில். எமுனாவை இந்தப் படத்தோடு பார்த்தவர்களுக்கு அப்புறம் அதை வெறும் மனசுக்குள் நடக்கிற விஷயமாக நினைக்கவே முடியாது.

எமுனாவின் வேர் எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள். ஜெபத்தின் முடிவில் நாம் சொல்லும் ஆமென் அதிலிருந்து வந்தது, 'உறுதி, அப்படியே' என்று பொருள். (தமிழ் 'ஆம்' போலவே ஒலிப்பது தற்செயல்தான், இரண்டுக்கும் உறவில்லை.) ரூத்தின் புத்தகக் கடைசியில் நகோமி பேரப்பிள்ளையை எடுத்து மடியில் வைத்து "அதை வளர்க்கிற தாயானாள்" என்று வருகிறதே, அந்த வளர்ப்புத்தாய்க்கான எபிரெயச் சொல்லும் இதே வேர்தான். பிள்ளையைச் சுமப்பவள், தாங்குபவள். ஏசாயா 7:9-ல் தீர்க்கதரிசி இந்த வேரை வைத்துச் சொல்விளையாட்டே ஆடுகிறார்: "நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்." மூலத்தில் 'விசுவாசியாவிட்டால்', 'நிலைபெற' இரண்டும் ஒரே வினையின் இரண்டு வடிவங்கள். நில்லாவிட்டால் நிலைக்கமாட்டீர்கள் என்பது போல. எதிரி வருகிறான் என்று கேட்டு, காட்டு மரங்கள் காற்றில் அசைவதுபோல் இருதயம் அசைந்துபோன ஒரு ராஜாவிடம் சொன்ன வார்த்தை அது.

கிரேக்கப் பிஸ்திஸுக்கும் இதே இரட்டைப் பொருள் உண்டு. நம்புவதும் அதுதான், நம்பத்தகுந்த உண்மையோடு இருப்பதும் அதுதான். இங்கேதான் தமிழில் ஒரு பிரிவினை நடந்துவிட்டது. நம் பழைய மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் மனுஷன் பக்கமிருந்து வந்தால் பெரும்பாலும் 'விசுவாசம்', கடவுள் பக்கமிருந்து வந்தால் 'உண்மை'. ரோமர் 3:3-ஐ எடுத்துப் பாருங்கள்: "அவர்களுடைய அவிசுவாசம் தேவனுடைய உண்மையை அவமாக்குமோ?" படிக்கும்போது இரண்டு தனித்தனிச் சொற்கள். கிரேக்கத்தில் அப்பிஸ்தியா, பிஸ்திஸ் என்று ஒரு சொல்லும் அதன் எதிர்ச்சொல்லும். பவுல் நேருக்கு நேர் நிறுத்திய இரண்டை நாம் தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், இடத்துக்கு ஏற்ற சொல்லைத்தான் போட்டார்கள். ஆனால் விளைவு என்ன? உண்மையாய் இருப்பது வேறு, விசுவாசிப்பது வேறு என்று நம் மனசில் பதிந்துவிட்டது. விசுவாசத்தை ஒருவித மனத்திட்பமாக, சந்தேகமே வராத மனசாக எண்ணிக்கொண்டோம்.

இது சொல் சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் என்று விட்டுவிட எனக்கு மனசில்லை, ஏனென்றால் இதனால் காயப்பட்ட ஒருவரை நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். என் தாத்தா ஒரு பக்கம் செயலிழந்து பல வருஷம் படுக்கையில் இருந்தார். பாட்டிதான் பார்த்துக்கொண்டார். படுக்கைப்புண் வரக்கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பார், ராத்திரியிலும். இடது கையால் அவர் தோளுக்கு அடியில் கொடுத்து, தன் முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, ஒரு மூச்சு இழுத்து, ஒரே தள்ளு. அந்த மூச்சுச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒருநாள் ஜெபிக்க வந்த ஒருவர், இன்னும் சுகம் கிடைக்காததற்கு வீட்டில் விசுவாசக் குறைவுதான் காரணம் என்று பாட்டி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். பாட்டி சண்டை போடவில்லை. ராத்திரி என்னிடம், "எனக்கு என்னப்பா விசுவாசம் இருக்கு, கூட இருக்கேன், அவ்வளவுதான்" என்றார். அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எமுனாவைப் படித்த பிறகுதான் பதில் கிடைத்தது. சூரியன் அஸ்தமிக்கும்வரை ஒரே நிலையாய் இருந்த கை அவருடையது, ஆனால் அதற்குப் பெயர் விசுவாசம் என்று அவரிடம் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.

சரி, கூட நிற்பதன் இன்னொரு பக்கமான முழுமனதுக்கு வருவோம். கானானை வேவு பார்க்க மோசே அனுப்பியவர்களில் ஒருவரான காலேபைப் பற்றி எண்ணாகமம் 14:24-ல் "உத்தமமாய் என்னைப் பின்பற்றிவந்தபடியினாலும்" என்று வருகிறது. எபிரெயத்தில் அப்படியே பார்த்தால் 'என் பின்னே நிறைந்தான்' என்பது போல இருக்கும், அதாவது கொஞ்சம்கூட மிச்சம் வைக்காமல் பின்னே வந்தவன். யோசுவா 14-ல் அதே காலேப் 85 வயதில் வந்து நிற்கிறார், வாக்குக் கிடைத்து 45 வருஷம் கழித்து. இதன் எதிர்ச்சொல்லை யாக்கோபு கொடுக்கிறார்: இருமனமுள்ளவன். அறிவில் கேள்வி வருகிறவனை அவர் அப்படிச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கால் வைத்திருப்பவனைத்தான் சொல்கிறார். மாற்கு 9-ல் மகனுக்குச் சுகம் கேட்டு இயேசுவிடம் வரும் தகப்பனுக்குச் சந்தேகம் இருந்தது, "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு வாய்விட்டுச் சொன்னார். ஆனால் மகனைத் தூக்கிக்கொண்டு அவர் வந்து நின்ற இடம் ஒன்றுதான்.

இந்த இடத்தில் லத்தீனையும் சேர்த்துக்கொள்ளலாம். சபையாகச் சேர்ந்து சொல்லும் விசுவாச அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தின் முதல் சொல் லத்தீனில் 'கிரெடோ', விசுவாசிக்கிறேன். மொழியியலார் பலர் இதையும் வடமொழி 'ச்ரத்தா'வையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்கிறார்கள், 'இருதயத்தை வைத்தல்' என்ற பொருளில். ச்ரத்தா தமிழில் என்னவாக வந்திருக்கிறது? சிரத்தை. "சிரத்தையா செய்" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அதே சிரத்தை. அப்படியானால் பிரமாணத்தைச் சொல்லும்போது, இன்ன இன்ன செய்திகள் சரி என்று கையெழுத்துப் போடுவதைவிட, இருதயத்தைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் வைப்பதுதான் நடக்கிறது.

அப்படி வைத்துவிட்டவர் எப்படிப் பேசுவார் என்பதற்குப் போலிகார்ப்பு. இன்றைய துருக்கியில் இருக்கும் சிமிர்னா நகரத்துச் சபையின் கண்காணி, அதாவது பிஷப், 2ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கேயே கொல்லப்பட்டவர். கிறிஸ்துவைப் பழித்துப் பேசிவிடு, விட்டுவிடுகிறேன் என்றான் ரோம அதிபதி. 86 வருஷம் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை, என் ராஜாவை நான் எப்படிப் பழிப்பேன் என்பது அவர் சொன்ன பதிலாக நமக்கு வந்திருக்கிறது. அதில் உபதேச விளக்கம் எதுவும் இல்லை, நன்றி விசுவாசம்தான் இருக்கிறது. "மரணபரியந்தம் உண்மையாயிரு" என்று வெளிப்படுத்தல் 2:10-ல் எழுதப்பட்டது இதே சிமிர்னா சபைக்குத்தான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். விசுவாசம் என்பதைக் கூட நிற்றல் என்று எடுத்துக்கொண்டதும், சிலர் அதைத் தங்களுக்கு விசுவாசமாக இருத்தல் என்று திருப்பிவிடுவார்கள். தலைவரிடம் கணக்குக் கேட்காதே, தப்பைப் பார்த்தாலும் பேசாதே, விசுவாசமாக இரு என்று. அதற்கு வேதத்தில் இடமில்லை. தாவீதின் முகத்துக்கு நேரே "நீயே அந்த மனுஷன்" என்று சொன்ன தீர்க்கதரிசி நாத்தான் தாவீதுக்கும் துரோகி இல்லை, கடவுளுக்கும் துரோகி இல்லை. யோபு கடவுளிடமே வழக்காடினார், ஆனால் விட்டுப் போகவில்லை.

கடைசியில், தமிழில் எதைச் சொல்வது? 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் விசுவாசத்தை 'நம்பிக்கை' என்று மாற்றியது. பழைய பதிப்பில் 1 கொரிந்தியர் 13:13 "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்றிருந்தது, இதில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று ஆனது. நம்பிக்கை நல்ல தமிழ்ச் சொல், அதன் வேரும் அழகானது. "நம்பும் மேவும் நசையாகும்மே" என்று தொல்காப்பியம் உரியியலில் சொல்கிறது, நம்பு என்றால் நசை, அதாவது விருப்பம், அன்பு. ஆனால் அந்தப் பழைய பொருள் இன்று யாருக்கும் கேட்பதில்லை. "பஸ் வரும்னு நம்பிக்கை இருக்கு" என்கிற அளவுக்கு மெலிந்துவிட்டது. உண்மை என்ற சொல்லில் கடைசிவரை நிற்பது வருகிறது, சாய்ந்துகொள்வது வருவதில்லை.

எனக்குப் பிடித்தது பற்றுறுதி. பற்று என்பதில் கை இருக்கிறது, பிடி இருக்கிறது. நகோமியின் மருமகள்கள் இருவரில் ஓர்பாள் மாமியை முத்தமிட்டுப் போய்விட, "ரூத்தோ அவளை விடாமல் பற்றிக்கொண்டாள்." உபாகமம் 10:20 கர்த்தரைப் பற்றிக்கொள்ளச் சொல்லும்போது மூலத்தில் இருப்பதும் ரூத்துக்குச் சொன்ன அதே வினைதான். "பற்றுக பற்றற்றான் பற்றினை" என்ற குறளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் அந்நியமாகவும் இருக்காது. எல்லா இடத்திலும் இதைப் போட முடியும் என்று சொல்ல வரவில்லை, "பற்றுறுதிக்கிறேன்" என்று யாரும் சொல்லப்போவதில்லை, வினையாக வரும்போது நம்புகிறேன் என்பதே போதும். விசுவாசம் என்ற சொல்லையும் ஒதுக்க வேண்டியதில்லை, தெருவில் சொல்கிற பொருளைச் சபைக்குள்ளும் கூட்டிக்கொண்டு வந்தால் போதும். ஆனால் பிரிந்துபோன அந்த ரோமர் வசனத்தை மட்டும் ஒருமுறை இப்படிப் படித்துப் பாருங்கள்: அவர்களுடைய பற்றுறுதியின்மை கடவுளுடைய பற்றுறுதியை வீணாக்கிவிடுமா? அடுத்த வசனத்தில் பவுலின் பதில், "அப்படியாக்கமாட்டாதே."